பின்சுவரில் போட்ட சோக்குக் கோடுகள்

வீடு கட்டி வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமாருக்கு எழுதுகிறேன். போன தைப்பூசத்தோடு சாவிக்கொத்தை மருமகள் கையில் கொடுத்துவிட்டேன். இனி வீடு, வாடகை என்று எதுவானாலும் அவள்தான் பேசுவாள். ஆனாலும் கோயிலில் கண்டால் நீங்கள் என்னைத்தான் பிடித்து நிறுத்துகிறீர்கள். எத்தனை மாத அட்வான்ஸ் வாங்கலாம், எப்படிப்பட்ட ஆளுக்குக் கொடுக்கலாம், வாடகை நின்றுபோனால் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள். நான் மடுல்சீமைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டம் தெரியாது. ஒப்பந்தம் எழுதத் தெரியாது, அதற்கு ஆள் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு சுவர். அதை எத்தனை மாதம் பார்க்காமல் இருந்தேன் என்பதும் தெரியும். அதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் அதற்குள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். கணவர் போன பிறகு ஒன்பது வருஷம் குவைத்தில் வீட்டுவேலை செய்தேன். அந்தக் காசில் பதுளை டவுனுக்கு மேலே, ஏற்றத்தில், பன்னிரண்டு பேர்ச் காணி வாங்கினேன். ரோட்டோரமாக நாங்கள் இருக்கும் சின்ன வீடு. அதற்குப் பின்னால் இருபத்திரண்டு படி ஏறினால் வாடகை வீடு. கீழ் வீட்டை என் கைக்காசில் கட்டினேன். மேல் வீட்டை வங்கிக் கடனில் கட்டினேன். டுபாயில் இருக்கும் மகனும் கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போட்டான். வாடகை வரும், தவணை போகும், நடுவில் நாம் கை நனைக்க வேண்டியதில்லை என்று நினைத்தோம். உங்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக் கட்டியிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

மேல் வீட்டுக்கு இடம் எடுக்க மலையை வெட்டிச் சமப்படுத்தினோம். வெட்டிய இடத்தில், வீட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு மேலே மண்மேடு நின்றது. அது சரியாமல் தாங்க ஒரு கல்லுக்கட்டும், மழைத்தண்ணீர் வடிய ஒரு கானும் போடச் சொல்லி வீடு கட்டிய மேசன் பாஸ் மூன்று தடவை சொன்னார். கையில் இருந்தது ஒரு வேலைக்கான காசு. ஹாலுக்கு டைல்ஸ் போடுவதா, பின்னால் கல்லுக்கட்டுப் போடுவதா? வீடு பார்க்க வருகிறவர்கள் டைல்ஸைப் பார்ப்பார்கள், மண்மேட்டை யார் பார்க்கப் போகிறார்கள் என்று டைல்ஸைப் போட்டேன். அந்த டைல்ஸ் இன்றைக்கும் பளபளவென்றுதான் இருக்கிறது.

முதலில் இருந்த இரண்டு குடும்பங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வந்தார்கள், இருந்தார்கள், போனார்கள். மூன்றாவதாக வந்தவர் யோகன் என்ற தையல்காரர். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. பள்ளிக்கூட யூனிபார்ம் தைப்பார். மனைவி சாந்தி பொத்தான் கட்டுவாள், ஓரம் அடிப்பாள். ஒரு கைக்குழந்தை. வீட்டைப் பார்த்துவிட்டு சாந்திதான் சொன்னாள், சமையல்கட்டு காணாது, புகை ஹாலுக்குள் வருகிறது என்று. சரி, உங்கள் அட்வான்ஸைக் கொடுங்கள், பின்னால் இழுத்து ஒரு சமையல்கட்டுக் கட்டித் தருகிறேன் என்றேன். ஒரு வருஷ வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தார்கள். வீட்டை விட்டுப் போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய காசு அது. அதை அப்படியே எடுத்துச் சீமெந்தும் கல்லும் வாங்கி, மண்மேட்டை ஒட்டிச் சமையல்கட்டின் பின்சுவரை எழுப்பினேன்.

நம் ஆட்களில் சின்னதாய் வீடு வாடகைக்கு விடுகிற எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. வாங்கிய அட்வான்ஸை அந்த வீட்டுக்குள்ளேயே போட்டுவிடுவோம். பிறகு அது நம் காசு மாதிரியே ஆகிவிடும்.

பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த வருஷம் எல்லாம் ஒன்றாக வந்தது. வங்கி வட்டியை ஏற்றியது. மகனுடைய சம்பளம் பாதியானது. துணி விலை ஏறி, யூனிபார்ம் தைக்கக் கொடுப்பவர்கள் பழையதையே பிரித்துத் தைத்துப் போட்டார்கள். யோகனுடைய வாடகை முதலில் பாதியாக வந்தது. பிறகு வரவேயில்லை.

வாடகை கேட்கப் படி ஏறுவேன். நான் கும்பிடுகிறவள். செவ்வாயும் வெள்ளியும் காசு கேட்கமாட்டேன், விளக்கு வைத்த பிறகு வாங்கவும் மாட்டேன். அவர்கள் குடிவந்த முதல் மாதமே அதைச் சொல்லி வைத்திருந்தேன். அது எனக்கே திரும்பி வந்தது. எந்தக் கிழமை போனாலும் யோகன் தையல் மெஷினை நிறுத்தி எழுந்து நிற்பார், நாற்காலியைத் துடைத்துப் போடுவார், சில நாள் தவணை கேட்பார். அந்தத் தவணை சொல்லி வைத்தாற்போல வெள்ளிக்கிழமையில் வந்து முடியும்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்களேக்கா" என்பார், தலையைச் சொறிந்துகொண்டு.

"எனக்குத் தெரியும்ப்பா. லட்சுமி உன் வீட்ட விட்டுப் போயிரக்கூடாதுன்னுதான நானும் வெறுங்கையோட போறேன்" என்பேன்.

சாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்கும் சிரிப்பு வரும். படி இறங்கும்போது சிரிப்புப் போய், வங்கித் தவணையைக் கணக்குப் போடத் தொடங்குவேன். ஆனியில் ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வீட்டைக் காலி பண்ணச் சொன்னேன். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எங்கே வீடு மாறுவது என்றார்கள். அதுவும் சரிதானே என்று நானே இறங்கி வந்துவிட்டேன். ஆடியில் குடிபோகச் சொல்லி யாரையும் விரட்ட எனக்கு வாய் வராது.

ஆவணியில் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்க வீட்டுக்குப் பின்பக்கம் போனபோதுதான் அந்தக் கோடுகளைக் கண்டேன். சமையல்கட்டுப் பின்சுவரில், துணி வெட்ட அடையாளம் போடுவார்களே, அந்தத் தட்டைச் சோக்கால் வெள்ளையும் நீலமுமாய்க் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். பக்கத்தில் பொடியாய் ஏதோ எண். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் சோறு இறங்காது. அன்றைக்கு முழுக்க அந்தப் பதினொன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாடகைப் பாக்கியா? பாக்கி அப்போது ஐந்து மாதம்தான். பால்காரர் கணக்கா? அதைச் சுவருக்குப் பின்னால் போய் ஏன் எழுதுகிறார்கள்? பதினோரு வெள்ளி விரதம் ஏதாவது இருக்கிறாளோ சாந்தி? அப்படியென்றால் எந்தச் சாமிக்கு? என்ன வேண்டுதல்? அடுத்த வாரம் ஒரு சாக்குச் சொல்லிப் பின்பக்கம் போனேன். பன்னிரண்டு. அதற்கடுத்த வாரம் பதின்மூன்று. வாரத்துக்கு ஒன்று ஏறுகிறது என்பது மட்டும் பிடிபட்டது.

சாந்தியிடம் கேட்டே விட்டேன். "அது அவரு போடுறதுங்கக்கா" என்றாள். ஏன் என்று கேட்பதற்குள் குழந்தை அழுகிறது என்று உள்ளே போய்விட்டாள். குழந்தை அழுததாக எனக்கு நினைவில்லை.

கோடுகளுக்கு நடுவில் மயிர் போல ஒரு வெடிப்பு ஓடியதை அன்றைக்கே பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் எழுத வேண்டும், பொய் சொல்ல முடியாது. புதுச் சுவர் காய்ந்தால் வெடிக்கும்தான், ஒரு பூச்சுப் பூசினால் போகும் என்று நினைத்துக்கொண்டேன். கோடுகளில் இருந்த ஆசையில் வெடிப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

புரட்டாசியில் வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். கடன் பகுதியில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். முகத்தைச் சுருக்கித்தான் பேசுவார், ஆனால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை விளக்குவார். கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து, வாங்கிய நாளில் இருந்ததை விடக் கடன் பெரிதாகி நின்றது. காணி விலையோ இறங்கிக் கிடந்தது.

"அக்கா, வடிவாக் கேளுங்கோ" என்றார். "இப்ப அந்த வீட்டை வித்தாலும் உங்கட கடன் முடியாது. வீட்டை விடக் கடன் பெரிசாப் போச்சு. ஏலத்தில போனால் இன்னும் குறையத்தான் போகும். மிச்சத்துக்குக் கீழ் வீட்டைத்தான் பிடிப்பினம்."

"கீழ் வீடு எப்படிங்க இதுக்குள்ள வந்துச்சு?"

அவர் பைலைத் திருப்பி என் பக்கம் வைத்தார். கடனுக்கு இரண்டு வீட்டையும் ஈடு வைப்பதாக எழுதி, அடியில் என் கையெழுத்து. நான் போட்டதுதான். அன்றைக்குப் பதினேழு இடத்தில் போட்டேன், இது எத்தனையாவது என்று யாருக்குத் தெரியும்.

நீங்களாகவே ஒரு ஆளைப் பார்த்து விற்றுவிட்டு வாருங்கள், மிச்சக் கடனுக்கு மேலிடத்தில் பேசித் தவணை எடுத்துத் தருகிறேன் என்றார். அன்றைக்கு நேராகக் கோயிலுக்குப் போனேன். மேல் வீட்டை விற்றுக் கொடு முருகா, கதிர்காமத்துக்கு வந்து பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்து ஒரு வாரத்தில் ஆள் வந்தது. பண்டாரவளைப் பக்கத்து இளம் தம்பதி. அவன் கத்தாரில் எலக்ட்ரீஷியன், லீவில் வந்திருந்தான். அவள் தோட்டத்துப் பாலர் பள்ளி டீச்சர். ஹாலில் டைல்ஸைப் பார்த்தவுடனே அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். மூன்று நாள் பேசி ஒரு விலைக்கு வந்தோம். கடனில் பெரும்பகுதி அடைபடும், கீழ் வீடு தப்பும். ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களோடு வந்து கடைசியாக ஒரு தடவை பார்ப்பார்கள், திங்கட்கிழமை முன்பணம் கொடுத்து எழுத்து எழுதுவது. வீட்டைக் காலியாகத் தர வேண்டும் என்றார்கள். வெள்ளையடித்து, பின்சுவரைப் பூசித் தருவதாக நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

வியாழக்கிழமை காலை யோகனிடம் சொல்லப் போனேன். சண்டை வரும் என்று வார்த்தைகளை எல்லாம் கோத்து வைத்துக்கொண்டு போனேன். ஏழு மாத வாடகையைப் பிறகு பார்ப்போம், வீட்டைப் பூசி விற்க வேண்டும், காலி பண்ணிக் கொடுங்கள் என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"பின்சுவத்தப் பூசப் போறீங்களாக்கா?"

"நாளைக்கு மேசன் பாஸ் வாறாரு."

"பூசுறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துருங்க."

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கோடுகள் இருபத்தொன்று ஆகியிருந்தன. கழுத்தில் கிடந்த, துணி அளக்கும் இஞ்சி டேப்பை எடுத்தார். முதல் கோட்டைக் காட்டினார். அதை வெடிப்புக்குக் குறுக்கே, நேராகப் போட்டிருக்கிறார். இப்போது அந்தக் கோட்டின் இடது பாதி மேலேயும் வலது பாதி கீழேயும் நின்றது, சரியாகப் பொருத்தாமல் தைத்த கட்டம் போட்ட சட்டை மாதிரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு புதுக் கோடு போட்டு, வெடிப்பு எத்தனை நூல் அகலம் என்று அளந்து பக்கத்தில் எழுதியிருக்கிறார். அதுதான் அந்தப் பொடி எண். முதலில் மயிர் அளவு. பிறகு ஒரு நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த வியாழக்கிழமை ஐந்து நூல். என் சுண்டுவிரல் உள்ளே போனது.

"எங்க பக்கத்துல மல எறங்குறதுன்னா மொதல்ல சமையல்கட்டுக் கதவுதாங்க சொல்லும்" என்றார். "கதவு மூடாது. அப்பறம் சுவரு. அப்பறம் மேட்டுல ஊத்து வரும்." மண்மேட்டின் அடியைக் காட்டினார். மழையில்லாத நாளிலும் அங்கே ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "இத்தன மாசம் இத வச்சு அளந்துக்கிட்டு இருந்திருக்க. ஒரு வார்த்த சொன்னியாப்பா?"

அவர் டேப்பைச் சுருட்டினார். வாசற்படியில் நின்ற சாந்திதான் சொன்னாள். "நான் சொன்னேங்கக்கா. சித்திரையில. பின்கதவு மூட மாட்டேங்குதுன்னு சொன்னேன்."

சொன்னவுடன் எனக்கு நினைவு வந்துவிட்டது. அப்போது ஒரு மாத வாடகைதான் பாக்கி. அவள் கதவைப் பற்றிச் சொன்னாள். நான் படியில் நின்றுகொண்டு, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்க, "வாடகையக் குடுத்துட்டுக் கதவப் பத்திப் பேசு" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவரும் எந்தக் கதவைப் பற்றியும் பேசவில்லை.

"ஏழு மாச வாடகைய வச்சுக்கிட்டு, சுவரு சரியில்லன்னு எந்த வாயால சொல்றதுங்கக்கா" என்றார் யோகன். "காசு குடுக்காம இருக்கச் சாக்குச் சொல்றான்னுதான் நெனப்பீங்க."

நினைத்திருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. தம்பி தங்கைமாரே, நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்ததே இந்த ஓர் இடத்துக்காகத்தான். வாடகை பாக்கி வைத்திருக்கிறவர் நம் வீட்டுக் குறையை நமக்குச் சொல்லமாட்டார். சொன்னாலும் நம் காதில் ஏறாது. எந்த வீட்டிலிருந்து காசு வரவில்லையோ அந்த வீட்டைத்தான் நாம் போய்ப் பார்க்க வேண்டும், பார்வை முழுக்கக் காசின் மேலேயே இருப்பதால் அந்த வீட்டைத்தான் பார்க்கமாட்டோம்.

பின் ஏன் அவர்கள் அங்கிருந்து போகவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அட்வான்ஸ் திரும்பக் கிடைத்தால்தானே வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும் என்றாள் சாந்தி. பன்னிரண்டு மாத அட்வான்ஸ், ஏழு மாதப் பாக்கி. மிச்சம் ஐந்து மாத வாடகையை நான்தான் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அத்தனை மாதமும் அவர்கள் எனக்குக் கடன்காரர்கள் என்று படி ஏறிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய காசு எங்கே இருக்கிறது? எனக்கு முன்னால்தான் நின்றது, சோக்குக் கோடுகளோடு.

கீழே வந்து சாமி அறையில் உட்கார்ந்தேன். மனதில் வந்ததை எல்லாம் உள்ளபடி சொல்கிறேன். முதலில் நல்ல யோசனை வரவில்லை. விலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்துவிட்டால் பாவம் குறையுமோ என்று நினைத்தேன். மேசன் பாஸ் நாளைக்கு வரட்டும், பூசட்டும், அவர்கள் கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மலை இத்தனை வருஷம் நின்றது, இனியும் நிற்கும் என்று நினைத்தேன். இந்தக் கடைசி யோசனைதான் எல்லாவற்றிலும் ருசியாக இருந்தது.

மருமகளிடம் சொன்னேன். அவள் காய் வெட்டிக்கொண்டே கேட்டாள். "சொன்னா ரெண்டு வீடும் போயிரும், இல்லையாத்தே?"

"ஆமாம்."

"சொல்லாட்டி?"

நான் விளக்குக்குத் திரி திரிக்கத் தொடங்கினேன். அவள் பூசணிக்காயை வெட்டி முடித்துவிட்டு எழுந்து போனாள்.

விளக்கேற்றப் போனபோது ஒன்று தோன்றியது. ஒரு மாதமாக நான் முருகனிடம் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறேன்? வீட்டை விற்றுக் கொடு என்று. அந்தப் பிள்ளை டீச்சர் டைல்ஸைப் பார்த்துச் சிரித்தபோது மனதுக்குள் என்ன கேட்டேன்? பின்பக்கம் போகாமல் இருக்க வேண்டும் முருகா என்று கேட்டேன். இது வெடிப்பு இத்தனை ஆழம் என்று தெரிவதற்கு முன்பே கேட்டது. ஒருத்தி கண்ணை மறைத்து எனக்கு வீட்டை விற்றுத் தரச் சொல்லி, அதற்குக் கூலியாகப் பால்குடம் எடுப்பதாகப் பேசியிருக்கிறேன். கும்பிட்ட கை கூசியது. மேசன் பாஸுக்குப் போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கத்தார் தம்பி, டீச்சர், அவளுடைய அப்பா. ஹால், அறை, தாங்கி எல்லாம் பார்த்தாயிற்று. அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

"எல்லாத்தையும் பாத்துட்டீங்க. இத மட்டும் பாக்கல. வாங்க" என்று பின்பக்கம் கூட்டிப் போனேன். யோகனைக் கூப்பிட்டுக் கோடுகளை விளக்கச் சொன்னேன். அவர் டேப்பை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். டீச்சர் வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அவளுடைய அப்பா தோட்டத்தில் முப்பது வருஷம் இருந்தவர், மண்மேட்டின் ஈரத்தைத் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டுப் படி இறங்கிவிட்டார்.

கத்தார் தம்பிக்குத்தான் கோபம். "இத மொதல்லயே சொல்லியிருந்தா எங்க லீவுல பத்து நாள் மிஞ்சியிருக்கும்" என்றான். அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், குடிக்காமல் போனார்கள்.

திங்கட்கிழமை முன்பணம் வாங்க வேண்டிய நேரத்தில் நான் கிராம சேவகர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் மேலே எழுதினார். மண்சரிவு பார்க்கிற அதிகாரிகள் வந்து மேட்டையும் சுவரையும் சோதித்தார்கள். சுவரில் இருந்த கோடுகளை யார் போட்டது என்று கேட்டு, ஒருவர் அவற்றை அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டார். அந்த வீட்டில் ஆள் இருக்கக் கூடாது என்று எழுத்தில் தந்தார்கள். கீழ் வீட்டுக்கு ஆபத்தில்லை, ஆனால் பெரிய மழையில் கவனமாக இருக்கச் சொன்னார்கள். அன்றைக்கே தையல் மெஷினை இருபத்திரண்டு படி இறக்கினோம். எங்கள் முன்னறையை அவர்களுக்கு ஒதுக்கினேன். அந்த அறைக்குப் பாதி வாடகை என்று பேசி, கொடுக்க வேண்டிய ஐந்து மாத அட்வான்ஸில் கழித்துக்கொள்வதாக முடிவு செய்தோம். பத்து மாதத்துக்குச் சரியாக வந்தது.

அதிகாரிகள் தந்த அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். சேலைத் தலைப்பில் விபூதியை முடிந்துகொண்டு போனேன், இனி ஈடு வைப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை ஏன் நீங்களாக் கொண்டு வந்தனீங்கள்?" என்றார்.

"மறைச்சா மட்டும் மல நிக்குமாங்க?"

"மலை நிக்காது. வித்திருக்கலாம், அதைத்தான் கேட்டனான்." முகத்தைத் தடவிக்கொண்டார். "இப்ப ஏலத்தில போட்டாலும் ஒருத்தரும் கை தூக்க மாட்டினம். இது உங்களுக்கும் நட்டம், எங்களுக்கும் நட்டம். உங்கட கீழ் வீட்டை மட்டும் பிடிச்சு விக்கிறதுக்கும் மேலிடம் யோசிக்கும். இருங்கோ, எழுதிப் பாப்பம். நான் வாக்குத் தரேல்லை."

நான்கு மாதம் தூக்கம் இல்லாமல் போனது. பிறகு கடிதம் வந்தது. கட்டாத வட்டியில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, மீதியைச் சின்னத் தவணைகளாக நீட்டித் தந்திருந்தார்கள். கீழ் வீட்டு உறுதிப் பத்திரம் நான் எழுபது வயது தாண்டும் வரை வங்கியில்தான் இருக்கும். வீடு தப்பியது. கடன் தப்பவில்லை. ஆள் இல்லாத ஒரு வீட்டுக்கு மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த மாதமும் கட்டினேன். சத்தியம் பேசியதால் சாமி கடனைத் தள்ளுபடி செய்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். பால்குடம் மட்டும் எடுத்தேன். எதற்கென்று முருகனுக்கும் எனக்கும் தெரியும்.

நீங்கள் கேட்கப் போவது தெரியும். மலை இறங்கியதா? இன்னும் இல்லை. அந்தக் கார்த்திகை மழையில் மேட்டிலிருந்து இரண்டு வண்டி மண் சரிந்து சமையல்கட்டு ஜன்னல் வரை வந்து நின்றது, அவ்வளவுதான். சுவர் நிற்கிறது. சும்மா நின்ற வீட்டை நீயே கெடுத்துக்கொண்டாய் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். பண்டாரவளை டீச்சர் வேறு பக்கம் வீடு வாங்கிவிட்டாள், ஆனால் மழை பெய்தால் எனக்குப் போன் எடுக்கிறாள். "விழுந்துருச்சாங்கக்கா?" என்பாள். இல்லை என்றால் அவளுக்கும் கொஞ்சம் ஏமாற்றம்தான், எனக்குத் தெரிகிறது.

சனிக்கிழமைதோறும் வானம் வெளுத்திருந்தால் யோகன் டேப்போடு மேலே போய் வெளியில் நின்றபடி ஒரு கோடு போட்டுவிட்டு வருகிறார். கீழே வந்ததும் எத்தனை நூல் என்று கேட்கிறேன். கோடுகள் மூலை வரைக்கும் வந்துவிட்டன. சில மாதம் அசையாது, சில மாதம் ஒரு நூல் ஏறும். அந்த மலைக்குள் என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஆசைதான்.

பத்து மாதம் முடிந்து, அட்வான்ஸ் தீர்ந்தது. அடுத்த மாதம் முதலாம் தேதி சாந்தி வாடகையைக் கொண்டுவந்தாள். புதுத் தாள்களாக மாற்றி, வெற்றிலையில் வைத்துக் கொண்டுவந்தாள். பார்த்தால் வெள்ளிக்கிழமை. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது நினைவு வந்து, அவள் கையை நீட்டவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் நின்றாள்.

"காசு கெடக்கட்டும், நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்றேன். "அறைக் கதவு நல்லா மூடுதா?"

"மூடுதுங்கக்கா" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "மேல ஒரு எடத்துல மட்டும் லேசா தட்டுது" என்றாள்.

வெற்றிலையையும் காசையும் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, இரண்டு பேரும் கதவைப் பார்க்கப் போனோம்.